அத்தி அணிக்கு மூன்று கிளை குறைந்த கதை

மழை பிடித்துக்கொண்டது. காட்டுக் கால்பந்து மைதானத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆட்டங்கள் முடிந்துவிட்டதால் விலங்குகள் எல்லாம் அதனதன் இடத்தில் போய்ச் சுருண்டு படுத்துவிட்டன.

அப்போதுதான் தவளை வைரக்கண்ணுவுக்கு வேலை தொடங்கியது.

"ஆமையைத் தூக்கு! மானை எடு! கரடியை விடாதே!" என்று அது கத்தியது.

வைரக்கண்ணு ஒருநாளும் பந்தை உதைத்ததில்லை. பந்து அதைவிடப் பெரியது. ஆனால் அத்தி அணியின் ஓர் ஆட்டத்தைக்கூட அது தவறவிட்டதில்லை. வடக்குக் கோல் கம்பத்துக்கு அடியில் ஒரு சின்னக் குட்டை. அதுதான் அதன் வீடு. ஆறு வருடமாக அங்கே உட்கார்ந்துதான் ஆட்டம் பார்த்தது. ஒரு பாதி ஆட்டத்தில் எதிரணிக் கோல்கீப்பரின் வால் தெரியும். மறுபாதியில் நம் அணிக் கோல்கீப்பர் கரடி காத்தமுத்துவின் முதுகு தெரியும். வேறு எதுவும் தெரியாது. வைரக்கண்ணுவுக்கு அந்த முதுகே போதும்.

ஒருமுறை பெரிய தள்ளுமுள்ளில் ஒரு பன்றியின் குளம்பு வைரக்கண்ணுவின் தலைக்கு நேராக இறங்கியது. காத்தமுத்து ஒரு கையில் பந்தைப் பிடித்தபடியே மறு கையால் தவளையைக் குட்டைக்குள் தட்டிவிட்டது. பந்தும் போகவில்லை, தவளையும் போகவில்லை. அன்றிலிருந்து வைரக்கண்ணுவுக்குக் காத்தமுத்து என்றால் "அண்ணன்"தான்.

அந்த அண்ணன்தான் இப்போது அணியை விட்டுப் போகும் நிலையில் இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. ஓர் அணிக்கு ஒரு மரம். அந்த ஒரு மரத்தில் காய்ப்பதைத்தான் ஆட்டக்காரர்களுக்குக் கூலியாகக் கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு பழம்கூடக் கொடுக்கக் கூடாது. முன்பு இந்தச் சட்டம் இல்லை. அப்போது யானைகள் ஓர் அணி சேர்த்து, நாற்பது மரங்களை வளைத்துப்போட்டு, காட்டில் வேகமாக ஓடக்கூடிய எல்லாவற்றையும் வாங்கிவிட்டன. அந்த வருடம் எல்லா ஆட்டத்திலும் யானைகள் ஜெயித்தன. அணில்கள் பட்டினி கிடந்தன. ஆட்டம் பார்க்கவும் ஆள் வரவில்லை. பிறகுதான் சட்டம் வந்தது.

அத்தி அணியின் மரத்தில் பன்னிரண்டு கிளைகள். எந்தக் கிளை யாருக்கு என்பதை மேலாளர் முள்ளம்பன்றி சடையப்பன் முடிவு செய்யும். தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக் கிளையில் குத்தினால் ஒப்பந்தம். முள்ளைப் பிடுங்கினால் ஒப்பந்தம் முடிந்தது. இது மிகவும் நேர்மையான முறை. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் மேலாளருக்கு வலித்தது.

பன்னிரண்டு கிளையிலும் முள் குத்தியாகிவிட்டது. காத்தமுத்துவுக்கு மூன்று கிளை. அந்த ஒப்பந்தம் மழையோடு முடிகிறது. அக்கரையில் இருக்கும் இலுப்பை அணி அதற்கு நான்கு கிளை தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தது.

"நாலு கிளைக்கு நான் எங்கே போவேன்?" என்றது சடையப்பன்.

"நாலு போதாது! இன்னும் ரெண்டு வேணும்!" என்றது வைரக்கண்ணு. "வெளிமான் சுந்தரபாண்டியை எடுக்கணும். போன பருவத்துல ஒன்பது கோல்! நாம கோப்பை வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. கடைசி ஆட்டத்துல அண்ணன் பதினோரு பந்தைத் தடுத்தார். என்ன பிரயோஜனம்? நம்ம ஆளுங்க ஒரு கோல் போடலையே!"

"அந்த ஒன்பதுல நாலு கோல், பந்து கொம்புல மாட்டிக்கிட்டு கழண்டு வராம, மானே பந்தோட கோலுக்குள்ள ஓடினதுய்யா."

"கோலா இல்லையா?"

"கோல்தான்," என்று ஒப்புக்கொண்டது சடையப்பன். கொம்பில் மாட்டிய பந்தைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப ஆமையைத் தூக்கு! ஆமைக்கு எதுக்கு ஒரு முழுக் கிளை? போன ஆட்டத்துல அது இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கம் கிளம்பிச்சு. போய்ச் சேர்றதுக்குள்ள இடைவேளை வந்துடுச்சு!"

ஆமை அம்பலவாணன் அங்கேதான் இருந்தது. கழுத்தை வெளியே நீட்டியது.

"நான் போய்ச் சேர்றேனா இல்லையாங்கிறது முக்கியமில்ல தம்பி. நடுவுல கிடக்கிறேன்ல? ஏழு பேர் தடுக்கி விழுந்தானுங்க."

"தடுக்கி விழ வைக்கக் கல்லு போதுமே!"

"கல்லுக்கு மூளை இருக்கா?" என்று கேட்டுவிட்டு அம்பலவாணன் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஆமையை எடுத்தாலும் ஒரு கிளைதான் வரும். மூன்று வேண்டும். வைரக்கண்ணு அத்திமரத்தடிக்குப் போய் உட்கார்ந்து யோசித்தது. ஒரு பழுத்த அத்திப்பழம் அதன் பக்கத்தில் தொப்பென்று விழுந்து பிளந்தது.

உள்ளே பூச்சிகள்! எள்ளைவிடச் சின்னதாகக் கருப்புக் குளவிகள்!

வைரக்கண்ணு இன்னொரு பழத்தைப் பிளந்து பார்த்தது. அதிலும் இருந்தன. இருபது பழங்களைப் பிளந்தது. இருபதிலும் இருந்தன. ஒரே தாவலில் சடையப்பனின் வளைக்கு முன்னால் போய் விழுந்தது.

"யார் இவங்க?"

"எவங்க?"

"பழத்துக்குள்ள இருக்கிறவங்க! எந்த இடத்துல விளையாடுறாங்க? முன்வரிசையா, பின்வரிசையா?"

"அதுங்க விளையாடாது. எங்கப்பா காலத்துலேர்ந்து அங்கதான் இருக்கு."

"முள் குத்தியிருக்கா?"

"இல்ல."

"முள் குத்தாமலே தின்னுறாங்களா!" வைரக்கண்ணுவின் கண்கள் இன்னும் வெளியே வந்தன. "நான் இப்பதான் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு பழத்துலயும் கால்வாசி போகுது. பன்னிரண்டு கிளையில கால்வாசின்னா எவ்வளவு?"

சடையப்பன் கணக்கில் கொஞ்சம் மந்தம். விரலை மடக்கியது. "மூணு."

"மூணு கிளை! அண்ணனுக்கு ஒண்ணு, மானுக்கு ரெண்டு! நம்ம மூணு கிளையும் இவங்க வயித்துலதான் இருக்கு!"

கணக்கு சரியாக வந்துவிட்டது. சரியாக வந்துவிட்ட கணக்கைப் போல ஆபத்தானது காட்டில் வேறு எதுவும் இல்லை. குட்டையிலிருந்த தவளைகள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. "மூணு கிளை! மூணு கிளை!" என்று காலையிலிருந்து மாலைவரை ஒரே சத்தம். பாதித் தவளைகளுக்கு எதற்காகக் கத்துகிறோம் என்றே தெரியாது. ஆனால் தாளம் நன்றாக இருந்தது.

மறுநாள் காத்தமுத்து குட்டைக் கரைக்கு வந்து நின்றது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தது.

"அண்ணே, நீ ஒண்ணும் கவலைப்படாதே!" என்று வைரக்கண்ணு கத்தியது. "உனக்கு நாலு கிளை வாங்கித் தராம நான் ஓயமாட்டேன்! அந்தப் பூச்சிங்களை ஒழிச்சிட்டுத்தான் மறுவேலை!"

"எனக்குப் பழத்தைப் பூச்சியோட தின்னாத்தான்பா ருசி..." என்று கரடி இழுத்தது.

"மூணு கிளை! மூணு கிளை!" என்றன தவளைகள்.

காத்தமுத்து இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தது. சத்தம் ஓயவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டது.

அன்று மாலை ஒரு சின்னக் குளவி வைரக்கண்ணுவின் மூக்குக்கு முன்னால் வந்து ஒரு புல் நுனியில் உட்கார்ந்தது. மூச்சு வாங்கியது.

"அப்பாடா! நீ மூச்சு விடுறதுக்காகக் காலையிலேர்ந்து காத்திருக்கேன். எனக்கு ரெண்டு நாள்தான் ஆயுசு. அதுல அரை நாள் உன் சத்தத்துலேயே போச்சு."

"திருட்டுக் கூட்டம்! என்ன வேணும்?"

"அத்திக்குப் பூ உள்ளே இருக்கு, தெரியுமா? பிஞ்சுக்குள்ள. வெளியே தெரியாது. நாங்கதான் இன்னொரு மரத்துலேர்ந்து மகரந்தம் கொண்டுவந்து உள்ளே போறோம். போற வழி அவ்வளவு சின்னது. சிறகு பிய்ஞ்சு போயிடும். திரும்பி வரமாட்டோம். நாங்க போகலேன்னா பிஞ்சு பழுக்காது. அப்படியே உதிர்ந்துடும்."

வைரக்கண்ணு வாய்விட்டுச் சிரித்தது. "அத்தியில பூவா! எவன் பார்த்தான்? வேலை போகப்போகுதுன்னா எல்லாரும் இதே பாட்டுதான். 'நான் இல்லேன்னா நடக்காது!' ஆமையும் இதைத்தான் சொல்லிச்சு!"

"ஒரே ஒரு கிளையில மட்டும் எங்களை வரவிடாம தடுத்துப் பாரு. காய்க்குதான்னு பாரு."

வைரக்கண்ணுவுக்கு ஒரு நொடி சந்தேகம் வந்தது. ஒரு கிளையில் சோதித்துப் பார்க்க ஒரு மாதம் ஆகும். அதற்குள் அண்ணன் அக்கரைக்குப் போய்விட்டால்? அந்த நினைப்பே அதற்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் வைரக்கண்ணுவுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். அது தொண்டையை உப்பிக்கொண்டு, "மூணு கிளை!" என்று கத்தியது. சந்தேகம் காதில் விழாமல் போயிற்று.

புல் நுனியில் இருந்த குளவி காற்றில் பறந்து போனது.

மூன்றே நாளில் சடையப்பன் பணிந்தது. வாய்க்கால் ஓரத்து மாமரத்திலிருந்து முசுறு எறும்புகளை அழைத்து வந்தார்கள். சிவப்பாக, நீளமாக, எது அசைந்தாலும் கடிக்கும் எறும்புகள்.

"எங்களுக்குக் கிளை வேண்டாம். கூடு கட்ட இலை போதும். வர்ற பூச்சியை நாங்க பார்த்துக்கிறோம்," என்றன முசுறுகள்.

"பாத்தியா! வேலையும் முடியுது, செலவும் இல்ல!" என்றது வைரக்கண்ணு. தன் யோசனையைப் பற்றி அதற்கே வியப்பாக இருந்தது.

ஒரு வாரத்தில் மரத்தில் ஒரு குளவிகூட இல்லை. ஏற்கெனவே திரண்டிருந்த காய்கள் வழக்கம்போலப் பழுத்தன. எல்லோரும் வயிறு முட்டத் தின்றார்கள். சடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு முள்ளைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தியது. பழைய கிளைகளைக் கால்வாசி கால்வாசியாகக் குறைத்துப் பங்கு பிரித்ததில் காத்தமுத்துவுக்கு நாலாவது கிளை வந்தது. வெளிமான் சுந்தரபாண்டிக்கு இரண்டு கிளை வந்தது. பூச்சி இல்லாத முழுப் பழம் கிடைக்கப்போவதால் யாருக்கும் ஒன்றும் குறையாது என்று வைரக்கண்ணு எல்லோருக்கும் விளக்கியது.

வெற்றி ஊர்வலம் நடந்தது. வைரக்கண்ணுவை ஆமையின் முதுகில் ஏற்றி மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். ஒரு சுற்று முடிய ஒன்றரை நாள் ஆனது. நடுவில் கூட்டம் சாப்பிடப் போய்விட்டு வந்தது.

"என்னைத் தூக்கணும்னு சொன்னே. கடைசியில நான்தான் உன்னைத் தூக்குறேன்," என்றது அம்பலவாணன்.

மழை நின்றது. மைதானம் காய்ந்தது. அத்திமரம் புதுப் பிஞ்சு விட்டது. கொத்துக் கொத்தாக, மரம் கொள்ளாத பிஞ்சு.

முதல் ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பிஞ்சுகள் மஞ்சளாகின. பிறகு உதிர்ந்தன. பச்சையுமில்லாத பழுப்புமில்லாத சின்னச் சின்னக் கொட்டைகளாக மரத்தடி முழுக்கக் கிடந்தன. வைரக்கண்ணு ஒன்றைப் பிளந்து பார்த்தது. உள்ளே பூச்சி இல்லை. சுத்தமாக இருந்தது. ஓரத்தில் சின்னச் சின்ன இழைகளாக என்னவோ வாடிக் கிடந்தது.

அது பூ.

முதலில் கிளம்பியது சுந்தரபாண்டி.

"கிளையில முள் இருக்கு, இலை இருக்கு. பழம் எங்கே?" என்று கேட்டது.

"அடுத்த மாசம் வரும்," என்றது சடையப்பன்.

"அப்ப அடுத்த மாசம் ஓடுறேன்!" என்று சொல்லிவிட்டு மான் ஒரே பாய்ச்சலில் அக்கரைக்குப் போய்விட்டது. அத்தி அணிக்காக அது ஓடிய ஒரே ஓட்டம் அதுதான். உண்மையிலேயே நல்ல வேகம்.

பன்றிகள் இரண்டும் போயின. நரி போனது. முயல் போனது. ஆமையும் கோபித்துக்கொண்டு கிளம்பியது. ஆனால் பருவம் முடியும்வரை அது மைதானத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டவில்லை. அதனால் அத்தி அணிக்கு எல்லா ஆட்டத்திலும் ஓர் ஆட்டக்காரர் இருந்தார்.

கடைசியாகக் காத்தமுத்து வந்தது. குட்டைக் கரையில் உட்கார்ந்தது. தவளைகள் எதுவும் கத்தவில்லை. யாருக்கும் மூன்று கிளையைப் பற்றிப் பேசப் பிடிக்கவில்லை.

"போயிட்டு வரேன், வைரக்கண்ணு. அக்கரையில மூணு வருஷ ஒப்பந்தம்."

"அண்ணே..." வைரக்கண்ணு கரைக்குத் தாவி வந்தது. "எல்லாம் உன்னை நிறுத்தி வைக்கத்தான் பண்ணேன்."

"தெரியும்பா."

"அவங்க நாலு கிளை தரேன்னாங்களே. நான் வேற என்ன பண்ண முடியும்?"

கரடி ஒரு நகத்தால் கரையில் கோடு கிழித்தது.

"எனக்கு இந்தக் கோல் கம்பம் பழகிப்போச்சு. மூணு கிளையே போதும், இங்கேயே இருந்துக்கிறேன்னு சொல்லத்தான் அன்னிக்கு வந்தேன். நீங்க யாரும் கேக்கிற மாதிரி இல்ல."

அது எழுந்து போனது. அந்தப் பெரிய முதுகு ஆற்றில் இறங்கி அக்கரையில் ஏறி மறையும்வரை வைரக்கண்ணு பார்த்துக்கொண்டே இருந்தது. ஆறு வருடமாகப் பார்த்த முதுகு. அது தன்னைவிட்டு விலகிப் போவதை வைரக்கண்ணு முதல்முறையாகப் பார்த்தது.

மறுநாள் வைரக்கண்ணு ஆற்றோரமாகத் தாவித் தாவி மேற்கே போனது. இரண்டு நாள் பயணத்தில் ஒரு காட்டு அத்தி இருந்தது. அதில் குளவிகள் இருந்தன.

"என்னை மன்னிச்சிடுங்க," என்றது வைரக்கண்ணு. "உங்களைத் திருட்டுக் கூட்டம்னு சொன்னேன்."

ஒரு குளவி அதை ஏற இறங்கப் பார்த்தது. "எப்போ?"

"போன மழையில."

"மூணு தலைமுறைக்கு முன்னாலயா! அதையெல்லாம் யாருய்யா ஞாபகம் வெச்சிருக்கா? எங்களுக்கு நேரமில்ல. உங்க மரத்துல பிஞ்சு இருக்கா?"

"மறுபடி விட்டிருக்கு."

"முசுறு இருக்கா?"

"அதுவும் இருக்கு," என்று வைரக்கண்ணு முனகியது.

"முசுறு இருந்தா வரமாட்டோம்," என்று சொல்லிவிட்டுக் குளவி வேலையைப் பார்க்கப் போனது.

வைரக்கண்ணு திரும்பி வந்து அத்திமரத்தில் ஏறியது. முதல் முசுறை விழுங்கியது. புளிப்பு! இரண்டாவது முசுறு நாக்கைக் கடித்தது. மூன்றாவது உதட்டைக் கடித்தது. வைரக்கண்ணு விடவில்லை. கூடு கூடாகப் பிரித்து, ஒரு பருவம் முழுக்க அந்த எறும்புகளைத் தின்று தீர்த்தது. மிச்சமிருந்தவை இந்த மரம் சரிப்படாது என்று மாமரத்துக்கே திரும்பிவிட்டன. வைரக்கண்ணுவின் வாய் பூசணிப் பிஞ்சு போல வீங்கிப்போனது. கத்த முடியவில்லை. பேசினாலே வலித்தது.

அதற்கடுத்த மழையில் குளவிகள் வந்தன, அத்தி பழுத்தது. பன்னிரண்டில் ஆறு கிளைதான் காய்த்தது. சடையப்பன் நரியையும் முயலையும் திரும்ப அழைத்தது. ஒரு பழம் வைரக்கண்ணுவின் முன்னால் விழுந்து பிளந்தது. உள்ளே பூச்சிகள். வைரக்கண்ணு இலையை இழுத்து அதை மெல்ல மூடியது.

குட்டையில் புதுத் தவளைகள் வந்திருந்தன. "ஆமையைத் தூக்கு! ஆமையைத் தூக்கு!" என்று அவை கத்தின.

"நீங்க என்ன சொல்றீங்க, அண்ணே?" என்று ஒரு குட்டித் தவளை கேட்டது.

"ஆமை நல்லாத்தான் ஆடுது," என்றது வைரக்கண்ணு வீங்கிய வாயால்.

பருவத்தின் முதல் ஆட்டம் இலுப்பை அணியோடு. இரண்டாம் பாதியில் வடக்குக் கோலுக்கு எதிரணிக் கோல்கீப்பர் வந்தது. வைரக்கண்ணுவின் கண்ணெதிரே அதே முதுகு. ஆனால் இப்போது அது பந்தைத் தடுப்பது அத்தி அணிக்கு எதிராக.

வைரக்கண்ணு ஒன்றும் கத்தவில்லை. காத்தமுத்துவுக்கு அந்த அமைதி பழக்கமில்லை. காதை ஆட்டிப் பார்த்தது. பிறகு திரும்பி, குனிந்து, குட்டைக்குள் எட்டிப் பார்த்தது.

"என்ன வைரக்கண்ணு, சத்தத்தையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் அண்ணே. நீ நல்லா இருக்கியா? அன்னிக்கு ஏதோ சொல்ல வந்தியே. இப்போ சொல்லு, கேக்கிறேன்."

கரடி இன்னும் கீழே குனிந்தது. அந்த நேரத்தில், முதல் பாதியிலேயே உதைக்கக் காலைத் தூக்கியிருந்த ஆமை அம்பலவாணன் பந்தை உதைத்து முடித்தது. பந்து மெதுவாக உருண்டு வந்து கரடியின் கால்களுக்கு நடுவே கோலுக்குள் போனது.

"கோல்!" என்று காடே கத்தியது. காத்தமுத்து பந்தையும் தவளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. வைரக்கண்ணுவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

வெளியே தெரியாமல் உழைப்பவர்களை வீண் செலவு என்று கத்தி விரட்டுகிறவன், எதைக் காப்பாற்றக் கத்தினானோ அதைத்தான் முதலில் இழக்கிறான்.